சூப்பர்சார்ஜர் வண்டியின் சக்திக் குறைவு: காரணம் காணும் முறை

நோயாளியைக் கண்டவுடன் மருந்துப் பெட்டியைத் திறப்பவன் மருத்துவன் ஆகான். நாடி பிடித்து, நாவைப் பார்த்து, உண்டதும் உறங்கியதும் வினவி, நோய் தோன்றிய இடத்தை அறிந்த பின்னரே அவன் மருந்தை நினைப்பான். யந்திரங்களைப் பழுது பார்ப்பதும் இம்முறையதே. ஆயினும், மோட்டார் வண்டியின் ஓட்டம் தளர்ந்தவுடன் ஓர் உறுப்பை மாற்றி, அதனாலும் பயன் விளையாதொழிய மற்றோர் உறுப்பை மாற்றி, பணத்தையும் காலத்தையும் வீணே கழிப்போர் பலர். சூப்பர்சார்ஜர் பூண்ட வண்டிகளில் இச்செயல் பொருள் நஷ்டத்தோடு நில்லாது. யந்திரத்தையே அழித்துவிடவும் கூடும். அஃது எங்ஙனம் என்பதையும், சக்திக் குறைவின் காரணத்தை முறையாகத் தேடும் வழி யாது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

சூப்பர்சார்ஜர் இன்னதென்பது

பெட்ரோல் யந்திரத்தின் சக்தி பெட்ரோலினால் மட்டும் உண்டாவதன்று. ஒரு கிராம் பெட்ரோல் முழுதும் எரிதற்கு ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டினும் எளிதிற் செலுத்தலாம். காற்றைச் செலுத்துவதே அரிது. சாதாரண யந்திரத்தில் பிஸ்டன் கீழிறங்கும்போது, வெளிக்காற்றின் அழுத்தத்தாலேயே சிலிண்டர் நிரம்புகின்றது. அவ்வாறு தானே புகும் காற்றின் அளவுக்குமேல் அவ்வியந்திரம் சக்தி தர இயலாது. காற்றை ஒரு பொறியினால் அமுக்கி உள்ளே செலுத்தினால், அதற்கேற்பப் பெட்ரோலையும் மிகுதியாகச் செலுத்தி, சிறிய யந்திரத்தினின்று பெரிய யந்திரத்தின் சக்தியைப் பெறலாம். இவ்வாறு காற்றை அமுக்கும் பொறி, யந்திரத்தின் கிராங்க் தண்டினாற் சுழற்றப்படுமாயின் அது சூப்பர்சார்ஜர் எனப்படும். புகைக்குழாய் வழியே வெளியேறும் வாயுவினாற் சுழற்றப்படுவது டர்போசார்ஜர். நாம் ஈண்டு ஆராயப் புகுந்தது, பெல்ட்டினாற் சுழலும் முன்னதனையே.

இவ்வகைப் பொறிகளுட் பழையது ரூட்ஸ் என்பது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துக் கானர்ஸ்வில் நகரில் வாழ்ந்த ரூட்ஸ் சகோதரர் இருவர் 1860-ஆம் ஆண்டில் இதற்கு உரிமைப்பத்திரம் பெற்றனர். அந்நாளில் மோட்டார் வண்டியே இல்லை. இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதவே இது பயன்பட்டது. உள்ளெரி யந்திரத்துக்குக் காற்றை அமுக்கிச் செலுத்தும் யோசனைக்கு ஜெர்மனியின் காட்லீப் டைம்லர் 1885-இல் உரிமைப்பத்திரம் பெற்றார். 1920-களில் மெர்சிடிஸ் வண்டிகளில் இப்பொறி இடம்பெற்றது. பின்னர்ப் பல நாட்டாரும் இதனைக் கைக்கொண்டனர்.

நம் ஆராய்ச்சிக்கு உதாரணமாக, அமெரிக்கச் சாலைகளில் மிகுதியாக ஓடிய ஒரு யந்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியாரின் ‘3800’ என்னும் ஆறு சிலிண்டர் யந்திரம் மிச்சிகன் மாநிலத்து ஃபிளிண்ட் நகரில் 2008-ஆம் ஆண்டுவரை செய்யப்பட்டது. அதன் சூப்பர்சார்ஜர் வகைகளுள் ஒன்று, ஈட்டன் எம் 90 என்னும் ரூட்ஸ் வகை ஊதுபொறியைத் தலைமீது தாங்கி, பூயிக் ரீகல், போன்டியாக் கிராண்ட் பிரீ முதலிய குடும்ப வண்டிகளில் அமைந்து, 240 குதிரைச்சக்தி தந்தது. பந்தய வண்டிகள் அல்லாமல், அங்காடிக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் வண்டிகளில் இருந்தமையால், சாதாரண மக்கள் பழுது பார்க்க நேர்ந்த சூப்பர்சார்ஜர் யந்திரம் இஃது எனலாம்.

அழுத்தம் வேறு, காற்று வேறு

இவ்வியந்திரத்தின் கொள்ளளவு ஏறக்குறைய 3,790 கன சென்டிமீட்டர். நான்கு வீச்சு யந்திரமாதலின், கிராங்க் தண்டின் ஒரு சுற்றுக்கு அதிற் பாதி, அஃதாவது சுமார் 1,895 கன சென்டிமீட்டர் காற்றையே அது விழுங்கும். ஊதுபொறியோ தன் ஒரு சுற்றுக்கு 90 கன அங்குலம், அஃதாவது சுமார் 1,475 கன சென்டிமீட்டர் காற்றைத் தள்ளும். கிராங்க் ஒரு முறை சுற்றும்போது ஊதுபொறி இரு முறை சுற்றுவதாகக் கொண்டால், அது தள்ளுவது 2,950. விழுங்குவது 1,895; தள்ளுவது 2,950. மிகுதிக் காற்று போக்கிடமின்றி நெருங்கி நிற்பதே நாம் அழுத்தமானியிற் காணும் அழுத்தம். இக்கணக்கின்படி அது வெளிக்காற்றைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அஃதாவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்குமேல் சதுர அங்குலத்துக்கு 7 அல்லது 8 ராத்தல் ஆகும்.

இங்கே ஓர் உண்மையை மாணவர் உறுதியாகப் பற்றிக்கொள்ளுதல் வேண்டும். அழுத்தமானி காட்டுவது சிலிண்டருக்குள் சென்ற காற்றின் அளவு அன்று. செல்லமாட்டாது நெருங்கி நிற்கும் காற்றின் நெருக்கமே. திருவிழாக் காலத்தில் ஒரு வாயிலில் நெருக்கம் மிகுந்திருப்பது கொண்டு, உள்ளே செல்வோர் தொகையும் மிகுந்ததென்று சொல்லலாகுமோ? கதவை அடைத்துவிட்டாலும் நெருக்கம் மிகுமன்றோ!

உஷ்ணத்தின் செயலையும் நோக்குவாம். காற்றை அமுக்கினால் அது சூடேறும். 30 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணமுள்ள காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு அமுக்குங்கால், குறையே இல்லாத பொறியாயினும் 37 டிகிரி உயரும். ரூட்ஸ் வகைப் பொறியின் திறனை நூற்றுக்கு 55 என்று கொண்டால், உயர்வு 68 டிகிரியாகி, வெளிவரும் காற்று 98 டிகிரியை எட்டும். சூடேறிய காற்று விரிவதாகலின், அழுத்தம் நூற்றுக்கு 50 கூடியபோதும் காற்றின் எடை நூற்றுக்கு 22 அல்லது 23 அளவே கூடும். ஊதுபொறியைச் சுழற்றும் செலவும் இதிலிருந்தே கழிய வேண்டும். ஆகவே அழுத்தத்தைச் சக்தியென மயங்குவோர் தொடக்கத்திலேயே வழி தவறுகின்றனர்.

முதலில் அறிய வேண்டுவன

வண்டி தளர்ந்தது என்று ஓட்டுபவர் சொன்னவுடன் மூடியைத் திறத்தல் கூடாது. தளர்ச்சி எஞ்ஞான்று தோன்றியது, படிப்படியாக வந்ததா ஒரே நாளில் வந்ததா, குளிர்ந்த நிலையிலும் உண்டா சூடேறிய பின்னரேயா, மிதியை முழுதும் அழுத்தும்போது மட்டுமா எப்போதுமா என்று வினவுதல் வேண்டும். பின்னர், குறை யந்திரத்தினதுதானா என்றும் தெளிதல் வேண்டும். பிரேக் இறுகிச் சக்கரத்தைப் பற்றிக்கொண்டாலும், கியர்ப்பெட்டி வழுக்கினாலும் வண்டி தளரும். சுற்று விரைந்து ஏறியும் வண்டி விரையாதாயின் கியர்ப்பெட்டியையே ஐயுறுக. இயன்றால் டைனமோமீட்டரில் ஏற்றி அளந்து, அந்த அளவைக் குறித்து வைத்தல் நலம். பழுது நீங்கியதா என்று பின்னர்த் தெளிதற்கு அக்குறிப்பே சான்றாகும்.

இந்நாளைய வண்டிகளில் யந்திரத்தை ஆள்வது ஒரு கம்ப்யூட்டர். ஸ்கானர் என்னும் கருவியால் அது குறித்து வைத்துள்ள குறைகளையும், ஓடும்போது அது காணும் அளவுகளையும் படிக்கலாம். ஆனால் குறைக்குறி தோன்றாமையால் குறையே இல்லை என்று கருதற்க. பெல்ட் வழுக்குவதைக் கண்டு சொல்ல அதற்குத் தனிக் கண் இல்லை.

மூன்று நிலைகள்

இனி, மிதியை முழுதும் அழுத்தி ஓட்டுங்கால் அழுத்தமானி காட்டுவதை உடனிருக்கும் ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும். இதனை நெரிசலான சாலையில் செய்தல் தகாது. கிடைக்கும் விடை மூன்று வகைப்படும்: அழுத்தம் குறைதல், அழுத்தம் மிகுதல், அழுத்தம் முன்போலவே இருத்தல்.

அழுத்தம் குறைந்ததாயின், காற்று ஊதுபொறிக்கு வரவில்லை, அல்லது அது செவ்வனே சுழலவில்லை, அல்லது தள்ளிய காற்று வேறு வழியே திரும்புகின்றது என்று கொள்க. முதலாவதற்கு, அடைபட்ட காற்று வடிகட்டியும், உள்ளுக்கு இழுபட்டுச் சுருங்கும் ரப்பர்க் குழாயும் காரணமாகும். இரண்டாவதற்குப் பெல்ட்டே பெரும்பாலும் காரணம். ரூட்ஸ் பொறியில் தள்ளுதலும் விழுங்குதலும் ஒரே விகிதத்தில் உயர்வனவாதலின், சுற்று ஏறினும் அழுத்தம் பெரும்பாலும் நிலைத்தே நிற்கும். அவ்வாறன்றி, தாழ்ந்த சுற்றில் அழுத்தம் சரியாயிருந்து, சுற்று ஏற ஏற விழுமாயின் பெல்ட் வழுக்குகின்றது என்று அறிக. கண்ணாடிபோல் மினுமினுக்கும் பெல்ட்டும், தளர்ந்த டென்ஷனரும், மேலே கசிந்த எண்ணெயும் அதற்குச் சான்று.

மூன்றாவதாகிய திரும்பும் வழியைச் சற்று விளக்குவாம். மெல்ல ஓட்டுங்கால் அமுக்கிய காற்று தேவையன்று. ஆகவே ஊதுபொறியின் வெளிவாயிலையும் உள்வாயிலையும் இணைக்கும் பைபாஸ் வால்வு ஒன்று உண்டு. யந்திரத்தின் வெற்றிடம் அதனைத் திறந்து வைக்கும். மிதியை அழுத்தி வெற்றிடம் மறைந்தவுடன் வில் அதனை மூடும். துருவினாலோ அழுக்கினாலோ அது திறந்தபடியே நின்றுவிட்டால், ஊதுபொறி தான் தள்ளிய காற்றையே திரும்பத் திரும்பத் தள்ளி வெறுமனே சூடேறும். இக்குறையில் எல்லாச் சுற்றிலும் அழுத்தம் தாழ்ந்தே நிற்கும். யந்திரத்தைக் காத்தற்பொருட்டுக் கம்ப்யூட்டரே கட்டளையிட்டு அவ்வால்வைத் திறப்பதும் உண்டு. எனவே, வால்வு கெட்டதா, கட்டளை வந்ததா என்று பிரித்தறிந்த பின்னரே அதனைக் கழற்ற வேண்டும்.

அழுத்தம் மிகுந்தும் சக்தி குறைந்ததாயின், அதுவே அனுபவமில்லாதாரைப் பெரிதும் ஏமாற்றும் நிலை. முன்பு 8 ராத்தல் காட்டிய மானி இப்போது 10 காட்டுகின்றதெனில், ஊதுபொறி நன்றாக வேலை செய்கின்றதென்று அவர் மகிழ்வர். உண்மையோ, யந்திரம் முன்போல் விழுங்கவில்லை என்பதே. புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உருகி அடைபட்டால், எரிந்த வாயு வெளியேறாது சிலிண்டரில் தங்கும், புதுக்காற்றுக்கு இடமிராது, ஊதுபொறி தள்ளிய காற்று வாயிலிலேயே நெருங்கும். கேம் தண்டு தேய்ந்து வால்வு முழுதும் திறவாவிடினும் இதுவே விளையும். அடைப்பை அறிய, புகைக்குழாயில் கன்வெர்ட்டருக்கு முன்னுள்ள ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி, அவ்விடத்தில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்துவர். நிமிஷத்துக்கு 2,500 சுற்றில் அது 3 ராத்தலுக்கு மேற்பட்டால் அடைப்பு உண்டென்பது பணிமனைகளில் வழங்கும் அளவு.

அழுத்தம் முன்போலவே இருந்தும் சக்தி குறைந்ததாயின், காற்றை விட்டு நெருப்பையும் எரிபொருளையும் நோக்குக. நெருங்கிய வாயுவினூடே மின்பொறி பாய்வதற்கு மிகுந்த மின்னழுத்தம் வேண்டும். ஆகவே சோர்ந்த காயிலும், விரிசல் கண்ட வயரும், இடைவெளி அகன்ற ஸ்பார்க் பிளக்கும், யந்திரம் சும்மா நின்று ஓடும்போது குற்றமின்றித் தோன்றி, அழுத்தம் ஏறியவுடன் தவறும். பெட்ரோல் பம்ப்பும் அவ்வாறே. நின்று ஓடுங்கால் அதன் அழுத்தம் சரியாயிருப்பது போதாது. முழுச் சுமையில் ஓடுங்காலும் அளத்தல் வேண்டும். அமுக்கிய காற்று நிறைந்த இடத்தினுள் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்க வேண்டியிருத்தலின், காற்றின் அழுத்தம் ஏறும் அளவு பெட்ரோலின் அழுத்தமும் ஏறியாக வேண்டும். அது விழுமாயின் கலவையில் பெட்ரோல் குறையும். காற்றளவு மானியில் தூசு படிந்து, உள்ளே வரும் காற்றைக் குறைத்துச் சொன்னாலும் அதுவே நிகழும்.

இவையெல்லாம் சரியாயின், சிலிண்டர்களின் அமுக்கத்தை ஒவ்வொன்றாக அளக்கலாம். மிகத் தாழ்ந்த அளவு மிக உயர்ந்த அளவில் நூற்றுக்கு 70-க்குக் குறைதல் கூடாது. குறைந்த சிலிண்டருக்குள் வெளியிலிருந்து காற்றைச் செலுத்தி, அது கசியும் ஓசையைக் கேட்டால் இடம் தெளிவாகும். புகைக்குழாயில் ஓசை கேட்பின் புகைவால்வு. எண்ணெய் ஊற்றும் வாயிற் கேட்பின் பிஸ்டன் வளையம். ரேடியேட்டரில் குமிழி எழும்பின் தலைப்பகுதியின் காஸ்கெட் என்று கொள்க.

யந்திரம் தானே சக்தியைக் குறைத்தல்

இனி, யாவற்றினும் முக்கியமான காரணத்தைக் கூறுவாம். சிலிண்டரில் பெட்ரோல் கலவை மின்பொறி பட்ட இடத்தினின்று ஒழுங்காகப் பரவி எரிதல் வேண்டும். உஷ்ணமும் அழுத்தமும் அளவு கடந்தால், தீ சென்று எட்டுமுன்பே கடைசிப் பகுதி தானே ஒருங்கு வெடிக்கும். சம்மட்டியால் அடித்தாற்போன்ற ஓசை அப்போது எழும். இதனைப் பணிமனையார் ‘நாக்கிங்’ என்பர். இவ்வடி தொடர்ந்தால் பிஸ்டனின் தலை உடையும், உருகும், துளைபடும். இவ்வோசையைக் கேட்பதற்கென்றே யந்திரத்தில் சென்சார் பொருத்தியுள்ளனர். ஓசை கேட்டவுடன் கம்ப்யூட்டர் மின்பொறி பாயும் நேரத்தைச் சில டிகிரி தாமதப்படுத்தும். வெடிப்பு அடங்கும், கூடவே சக்தியும் குறையும்.

ஓட்டுபவர் காண்பது சக்திக் குறைவை மட்டுமே. அது நோய் அன்று. நோயினின்று தன்னைக் காக்க யந்திரம் செய்துகொண்ட உபாயம். ஜுரம் வந்த உடல் ஓய்வை நாடுவதுபோல் அது தளர்கின்றது. காரணமோ வேறிடத்தில் இருக்கும். தாழ்ந்த ஆக்டேன் பெட்ரோல் இட்டிருக்கலாம். நாம் குறித்த யந்திரத்துக்கு அமெரிக்க அளவையில் 91 ஆக்டேன் வேண்டும். சிலிண்டரில் கரி படிந்திருக்கலாம். பெட்ரோல் பம்ப் சோர்ந்திருக்கலாம். உள்ளே வரும் காற்று மிகச் சூடாயிருக்கலாம். ஸ்கானரில் மின்பொறித் தாமதம் எத்தனை டிகிரி என்று பார்த்தால் இவ்வுபாயம் வெளிப்படும்.

இதனை ஆராயாது, சக்தி குறைந்ததென்று ஊதுபொறியின் கப்பியைச் சிறிதாக்குவோர் உளர். 3.8 அங்குலக் கப்பியை எடுத்து 3.4 அங்குலக் கப்பியைப் பூட்டினால், ஊதுபொறி நூற்றுக்கு 12 விரைவாகச் சுழலும். காற்று மிகும், உஷ்ணமும் மிகும். முன்னரே பெட்ரோல் போதாமல் நாக்கிங் கண்ட யந்திரத்துக்கு இது தீயில் வார்த்த நெய்யாகும். மின்பொறித் தாமதத்தால் அடக்க இயலாத எல்லையைக் கடந்தபின், சில விநாடிகளில் பிஸ்டன் துளைபடக் கூடும். சில டாலர் விலையுள்ள ஒரு வடிகட்டியால் தீர்ந்திருக்கும் குறை, முழு யந்திரத்தையும் விலையாகக் கொள்ளும். தொடக்கத்தில் நாம் அஞ்சியது இதனையே.

காரணத்தின் காரணம்

இறுதியாக, கண்ட காரணத்தோடு நின்றுவிடலும் தகாது. ஒரு வண்டியில் அழுத்தம் மிகுந்து, சக்தி குறைந்து, கன்வெர்ட்டர் அடைபட்டது தெளிந்ததென்று வைத்துக்கொள்வோம். அதனை மாற்றினால் வண்டி முன்போல் விரையும். சில மாதங்களுக்குப் பின் புதியதும் உருகி அடைபடும். ஏன்? ஒரு ஸ்பார்க் பிளக் வயர் விரிசல் கண்டு, அழுத்தம் ஏறும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் எரியாது தவறுகின்றது. எரியாத பெட்ரோலும் காற்றும் கன்வெர்ட்டரிற் சென்று எரிந்து அதனை உருக்குகின்றன. வயரே மூலம், அடைப்பு அதன் விளைவு. விளைவை மட்டும் மாற்றியவன் பழுதைத் தீர்த்தவன் ஆகான். அதனைத் தள்ளிப்போட்டவனே ஆவான். ஆதலின் கெட்ட உறுப்பைக் கழற்றியவுடன், ‘இது தானே கெட்டதா, மற்றொன்றால் கெடுக்கப்பட்டதா?’ என்று வினவுதல் இன்றியமையாதது.

மேற்கூறியவற்றைத் தொகுத்துரைப்பின்: தளர்ச்சி உண்மைதானா என்று அளந்து அறிக. அழுத்தத்தின் மூன்று நிலைகளுள் எதுவென்று காண்க. யந்திரம் தன்னைக் காத்துக்கொள்கின்றதா என்று தெளியுமுன் அதன்மேல் சுமையை ஏற்றற்க. கண்ட காரணத்துக்கும் காரணம் தேடுக. பழுது நீங்கிய பின் மீண்டும் அளந்து, முதற் குறிப்போடு ஒப்பிடுக.

இம்முறைக்கு வேண்டுவன இரண்டு மூன்று மானிகளும், ஒரு குறிப்புப் புத்தகமும், பொறுமையுமே. விஞ்ஞானசாலையில் நம் மாணவர் பயிலும் அளத்தலும், ஒப்பிடுதலும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தலும் தேர்வோடு முடிந்துவிடும் பாடங்கள் அல்ல. எண்ணெய் படிந்த பணிமனையிலும் அவை அதே பயனைத் தருவன. மாற்றுவது எளிது, அறிவது அரிது. அறிந்து மாற்றுவோனுக்கே யந்திரம் பணியும்.